சித்தம் கலங்கியோர்க்கு வீடு கொடுத்த ஊர்

பெல்ஜிய நாட்டின் வடபகுதியில், ஆன்ட்வெர்ப் துறைமுகப் பட்டினத்துக்குக் கிழக்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், கெம்பன் என்று வழங்கும் மணற்பாங்கான சமவெளியின் நடுவே கேல் என்றோர் ஊர் இருக்கிறது. வளமான கோதுமை விளையாத அந்த மண்ணில், ரை தானியமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு, இரண்டொரு மாடுகளை வைத்துப் பால் கறந்து, அவற்றின் சாணத்தைக் கொண்டே மணலுக்கு உரமூட்டிப் பிழைத்த குடியானவர்கள் அங்கே நூற்றாண்டுக் கணக்காக வாழ்ந்து வந்தார்கள். சரித்திரத்தில் இடம்பெறுவதற்கு இவற்றுள் எதுவும் போதாது. ஆயினும், மனநோய்க்கு மனிதன் தேடிய பரிகாரங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தவர் எவராயினும், அவர் சமய நம்பிக்கையைச் சற்றும் மதியாத மருத்துவராகவே இருந்தபோதிலும், இவ்வூரைப் பற்றி ஓர் அத்தியாயமாவது எழுதாமல் அப்பால் சென்றது அரிது. சித்தம் கலங்கியவர்களை அவர்களுடைய சொந்த பந்துக்களே கதவடைத்துத் துரத்திய காலங்களிலும், இவ்வூர்க் குடியானவர்கள் முன்பின் அறியாத அந்நியர்களான அவர்களுக்குத் தம் வீட்டு உணவு மேசையில் ஓரிடமும், படுக்க ஒரு கட்டிலும் கொடுத்து, பல சமயங்களில் அவர்களுடைய இறுதிக் காலம் வரையில் தம்மோடு வைத்துக் காத்தார்கள் என்பதே அதற்குக் காரணம்.

இவ்வழக்கத்தின் வேர் ஒரு வேதசாட்சியின் கல்லறையில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்து தேசத்தில் அஞ்ஞானியான ஓர் அரசன் இருந்தான் என்றும், அவனுடைய அழகிய மனைவி கிறிஸ்தவள் என்றும், அவள் இறந்தபோது அவன் துக்கத்தினால் மதியிழந்தான் என்றும், இறந்தவளுக்கு ஒப்பான ஒருத்தியைத் தேடி நாடெங்கும் ஆள் அனுப்பி, எங்கும் காணாமல், தாயை உரித்து வைத்தாற்போல் இருந்த சொந்த மகளையே மணக்க விரும்பினான் என்றும் ஐதிகம் கூறுகிறது. டிம்ப்னா என்னும் அப்பெண், தனக்கு ஞானஸ்நானம் அளித்து வளர்த்த கெரெபெர்னஸ் என்ற முதிய குருவானவரோடு கடல் கடந்து ஆன்ட்வெர்ப்பில் கரையேறி, அங்கிருந்து கேல் ஊருக்கு அருகேயிருந்த காட்டில் ஒளிந்து வாழ்ந்தாள். அரசனுடைய தூதர்கள் ஒரு சத்திரத்தில் கணக்குத் தீர்த்தபோது, அவர்கள் நீட்டிய நாணயத்தைப் போன்ற அயல்நாட்டு நாணயங்களை ஒரு பெண்ணும் கொடுத்து வருகிறாள் என்று சத்திரக்காரி அறியாமல் சொல்லிவிட, அந்தத் துப்பைப் பற்றிக்கொண்டு அரசன் வந்து சேர்ந்தான். குருவானவரை அவனுடைய சேவகர்கள் கொன்றார்கள். மகளைக் கொல்ல ஒருவரும் துணியாதபோது, தந்தையே வாளை உருவினான். அவளுக்கு அப்போது வயது 15 என்பர்.

இக்கதையை முதன்முதலில் ஏட்டில் ஏற்றியவர் 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காம்ப்ரே நகரத்தில் வாழ்ந்த பேதுரு என்னும் மடத்துக் குருவானவர். அவரை எழுதப் பணித்தவர் கேல் ஊர் அந்நாளில் எந்த மேற்றிராசனத்துக்கு உட்பட்டிருந்ததோ அந்தக் காம்ப்ரே மேற்றிராணியார். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 600 ஆண்டுகள் பிந்தி, ஊராரின் வாய்மொழியைக் கேட்டு எழுதியது அந்நூல். சொந்த மகளை மணக்கத் துணிந்த மன்னன் என்னும் கரு ஐரோப்பிய நாடோடிக் கதைகளில் பலவிடத்தும் வருவதுதான் என்பதையும், டிம்ப்னா என்றொரு பெண் வாழ்ந்தாள் என்பதற்கே திடமான சான்று கிடைக்கவில்லை என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அவர்களோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை. ஒரு கதை மெய்யாக நிகழ்ந்ததா என்பது ஒரு கேள்வி. அதை மெய்யென்று கொண்டவர்கள் எழுநூறு ஆண்டுக் காலம் என்ன செய்தார்கள் என்பது வேறொரு கேள்வி. பின்னதற்கே சாசனங்களும் கணக்கேடுகளும் கட்டடங்களும் நிறைந்த சாட்சி பகர்கின்றன.

இருந்தபோதிலும் கதையின் உட்கருத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேற்செல்ல இயலாது. பித்துப் பிடித்தவர்களுக்குப் பாதுகாவலியாகக் கிறிஸ்தவ மக்கள் தேர்ந்தெடுத்துக்கொண்டவள், ஒரு பித்தனைக் குணப்படுத்தியவள் அல்லள். பித்தனொருவன் கையால் வெட்டுண்டு மாண்டவள். அவளுடைய தந்தை மனம் மாறியதாகவோ, தெளிந்ததாகவோ, அழுததாகவோ கூட அந்தப் பழைய கதை சொல்லவில்லை. தன்னைக் கொன்ற நோய் எதுவோ அந்நோயால் வருந்துவோர்க்கே அவள் பரலோகத்திலிருந்து பரிந்து பேசுகிறாள் என்று எளிய மக்கள் கண்டார்கள்; சிலுவையில் தொங்கியவர் தம்மை அறைந்தவர்களுக்காக மன்றாடினார் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இது விந்தையாகப் பட்டிராது. தேவாலயச் சிற்பங்களில் அவள் கையில் ஒரு வாளும், காலடியில் கட்டுண்ட ஒரு பிசாசும் காணப்படும். அக்காலத்தார் மனநோயைப் பிசாசின் வேலை என்று எண்ணினார்கள் என்பதற்கு அச்சிற்பம் அத்தாட்சி. ஆயினும் கட்டுண்டிருப்பது பிசாசே அன்றி நோயாளி அன்று. இந்தப் பாகுபாட்டை அக்காலத்துப் பெருநகரங்கள் பலவற்றில் காண முடியாது.

கல்லறையைத் தேடி யாத்திரிகர்கள் வரத் தொடங்கியது 13ஆம் நூற்றாண்டுக்கு முன்பே இருக்கலாம். இப்போதுள்ள தேவாலயத்தின் திருப்பணி 1349இல் தொடங்கிற்று. கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது. கட்டி முடிக்கச் சென்றது இருநூறு ஆண்டுகளுக்கும் மேல். 1480ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலயத்தின் சுவரோடு சேர்த்து நோயாளிகளுக்கென்று ஒரு தனி விடுதி எழுப்பப்பட்டது. 1505ஐ ஒட்டி, அருகிலிருந்த டோங்கர்லோ மடத்தார், ஹூஸன் வான் டெர் வைடன் என்னும் ஓவியரைக் கொண்டு டிம்ப்னாவின் வாழ்க்கையைப் பலகைகளில் தீட்டச் செய்தார்கள். இவ்வளவும் ஓர் ஏழை ஊருக்கு வந்து சேர்ந்தது அந்த யாத்திரிகர்களால்தான்.

அவர்கள் செய்த வழிபாட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நோயாளி வந்தவுடன் தேவாலயத்தை ஒட்டிய அவ்விடுதியில் ஒன்பது நாள் தங்குவான். நவநாள் என்று நம் கத்தோலிக்க மக்கள் சொல்வது அதுவே. நாள்தோறும் அவனும் அவனோடு வந்தவர்களும் தேவாலயத்தைப் புறத்தே வலம் வந்து, பின் உள்ளேயும் வலம் வருவார்கள். வேதசாட்சியின் அருளிக்கங்களைத் தாங்கி உயர்ந்து நின்ற மேடையின் அடியே, குழந்தையைப் போலத் தவழ்ந்து ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளிப்படுவார்கள். குருக்கள் அவன் தலைமேல் கைவைத்து, பிசாசை ஓட்டும் மந்திரங்களைச் செபிப்பார்கள். மூர்க்கம் மிகுந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்தும் வைத்தார்கள். அதை மறைப்பதில் பயனில்லை. குணமடைந்தவன் நன்றி சொல்லி ஊர் திரும்புவான். குணமடையாதவனுக்கு மற்றொரு நவநாள் நடக்கும்.

இவற்றினால் நோய் தீர்ந்ததா என்று இக்காலத்து வாசகர் கேட்பது நியாயமே. சிலர்க்குத் தீர்ந்தது என்று ஊரார் நம்பினார்கள். துக்கத்தினாலும் பயத்தினாலும் வரும் கலக்கங்களில் பல, காலம் செல்லச் செல்லத் தாமே தணிவன என்று மருத்துவர் சொல்லுவர். ஆனால் தீர்ந்தவர்களைவிடத் தீராதவர்களே அதிகமாக இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. அன்றேல், இக்கட்டுரையில் சொல்லப்போகும் வழக்கம் பிறந்தே இராது. அந்த ஒன்பது நாட்களின் சிறப்பு வேறொன்றில் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் ஒருவருக்குச் சித்தப் பிரமை உண்டானபின் அக்குடும்பத்தாரைப் பற்றும் முதல் துன்பம் வெட்கம். இரண்டாவது, ஒன்றும் செய்ய இயலாதென்ற நிராசை. ஊராரின் கண்ணுக்கு மறைத்து உள்ளறையில் பூட்டி வைத்திருந்த ஒருவனை, வண்டியில் ஏற்றிப் பலநாள் பயணம் செய்து, நூற்றுக்கணக்கான பேர் பார்க்கத் தேவாலயத்தின் நடுவே நடத்திச் சென்று, அங்கே தங்களைப் போன்ற வேறு தாய்மாரையும் வேறு சகோதரரையும் சந்தித்து, அவன் தவழ்ந்த இடத்தில் தாங்களும் அவனோடு தவழ்ந்து, அவனுக்காகச் செபம் சொல்லக் குருவும் பெயர் சொல்லி அழைக்க ஒரு புனிதையும் உண்டென்று கண்டபோது, வெட்கமும் நிராசையும் அவர்கள் நெஞ்சை விட்டு ஓரளவேனும் நீங்கியிருக்க வேண்டும். நோயாளிக்கும், ஒன்பது நாளைக்கேனும் தான் துரத்தப்பட வேண்டியவன் அல்லன், திருவிழாவுக்கு வந்தவன் என்ற மரியாதை கிடைத்தது.

விடுதியோ சிறியது, வந்தவர்களோ மிகப் பலர். முறை வரும்வரையில் காத்திருப்பவர்களையும், முதல் நவநாளில் தெளியாமல் அடுத்ததை எதிர்பார்ப்பவர்களையும் எங்கே தங்கவைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, தேவாலயக் குருக்கள் அக்கம்பக்கத்து வீட்டாரை நாடினார்கள். சில நாட்களுக்கென்று வைத்துக்கொண்டவர்கள் சில மாதங்கள் தங்கினார்கள்; மாதங்கள் வருஷங்களாயின. தூரதேசத்திலிருந்து கொண்டுவந்து விட்ட உறவினர் பலர் திரும்பி வரவேயில்லை. சிலர் ஆண்டுதோறும் உணவுச் செலவுக்குப் பணம் அனுப்பிவிட்டுத் தம் கடமை தீர்ந்ததாகக் கருதினார்கள். அற்புதத்தை எதிர்நோக்கிக் காத்திருப்பதற்கென்று ஏற்பட்ட அந்த இடைக்கால ஏற்பாடு, அற்புதம் வராதபோதும் நின்றுபோகாமல், அந்த ஊரின் நிரந்தர ஜீவனமாகவே ஆகிவிட்டது. கேல் ஊரின் வரலாற்றில் யாரும் திட்டமிடாத நிகழ்ச்சி இதுவே. ஆனால் அதன் பிற்காலப் புகழ் முழுவதும் இதிலிருந்து உண்டாயிற்று.

இவ்விடத்தில் பக்தி மேலீட்டால் எழுதுகிறவர்கள் ஒரு குற்றம் செய்வதுண்டு. கேல் ஊர்க் குடியானவர்கள் அனைவரும் தியாக மூர்த்திகள் என்று அவர்கள் எழுதிவிடுகிறார்கள். ஏழை மண்ணில் உழைத்த அம்மக்களுக்குத் தங்குபவர் கொண்டுவந்த பணம் அருமையானது. உழவுக்கும் மாடு மேய்ப்பதற்கும் குழந்தையைத் தொட்டிலிலிட்டு ஆட்டுவதற்கும் ஒரு கை கூடுதலாகக் கிடைத்ததும் அருமையானது. கணக்குப் பார்க்காமல் எந்த வீட்டிலும் கதவு திறந்ததில்லை. ஓடிப்போகும் சுபாவம் உள்ளவர்களின் கால்களில் விலங்கு பூட்டியதும், துஷ்டத்தனம் செய்வோரைக் கட்டிவைக்க வேண்டும் என்று ஊர் அதிகாரிகள் கட்டளை இட்டதும் உண்டு. மனசாட்சியற்ற வீட்டுக்காரர்களும் இருந்திருப்பார்கள். எனினும் பணம் மட்டுமே காரணமாயின், கெம்பன் சமவெளியில் இதைப்போன்ற ஏழை ஊர்கள் எத்தனையோ உண்டு. அவை இவ்வழக்கத்தை மேற்கொள்ளவில்லை. பக்கத்து ஊர்க்காரன் பித்தனைக் கண்டு கல்லெடுத்தபோது இவ்வூர்க்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டதற்கு, இங்கே வந்தவன் டிம்ப்னாவின் விருந்தாளி என்ற நினைவு ஒரு காரணம். அந்த நினைவிலே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பித்தன் ஒரு பயங்கரமாகவே தோன்றவில்லை என்பது மற்றொரு காரணம்.

பகலில் அவன் வயலுக்குப் போவான். வேலை செய்ய மனமில்லாவிட்டால் வீதியில் உலாவுவான். மாலையில் அடுப்படியில் குடும்பத்தாரோடு உட்கார்ந்து ரை ரொட்டியும் மோர்க்கஞ்சியும் உண்பான். இரவில் குடும்ப செபமாலையின்போது ஒரு பக்கம் முழந்தாளிடுவான், அல்லது முழந்தாளிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனைத் திருத்த வேண்டுமென்று யாரும் பெருமுயற்சி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தாய் இறந்தால் மகளும், மகளுக்குப்பின் பேத்தியுமாக ஒரே மனிதனை ஒரே வீட்டில் மூன்று தலைமுறையாகக் காத்த குடும்பங்களைப் பற்றிப் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். அவனைப் பற்றி வீட்டார் பேசும்போது வியாதியின் பெயரைச் சொல்லமாட்டார்கள்; அவனுக்குச் சூப்பில் உப்புக் கூடக்கூடாது, இடி இடித்தால் கட்டிலுக்கடியில் ஒளிவான், ஞாயிற்றுக்கிழமையில் புகையிலை இல்லாவிட்டால் கோபிப்பான் என்று, எந்த வீட்டுத் தாத்தாவைப் பற்றியும் சொல்லக்கூடியவற்றையே சொல்வார்கள்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் புரட்சியின் படைகள் பெல்ஜியத்தைக் கைப்பற்றியபோது தேவாலயங்கள் மூடப்பட்டன; குருக்கள் சங்கங்கள் கலைக்கப்பட்டன. கேல் ஊரிலும் பூசையும் நவநாளும் நின்றன. மதத்தினால் பிறந்த வழக்கம் மதத்தின் வாயில் அடைபட்டதும் மாய்ந்துவிடும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு. வீடுகளில் இருந்தவர்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். அதுமட்டுமன்று, 1803இல் பிரஸ்ஸல்ஸ் நகரம் அடங்கிய டீல் மாகாணத்தின் ஆட்சித்தலைவராயிருந்த பொந்தேகூலான் பிரபு, நகரத்து மருத்துவசாலையில் நெருக்கடியில் அடைபட்டிருந்த பித்தர்களின் நிலையைக் கண்டு சகியாமல், அவர்களைக் கேல் ஊருக்கு அனுப்ப உத்தரவிட்டார். புரட்சியின் வழிவந்த அரசாங்கத்தின் ஓர் அதிகாரி, ஒரு புனிதையின் பெயரால் நடந்துவந்த தர்மத்தை அரசாங்கச் செலவில் வளர்த்தார் என்பது சரித்திரம் அவ்வப்போது செய்யும் வேடிக்கைகளுள் ஒன்று.

அதன்பின் மருத்துவர்கள் வரத் தொடங்கினார்கள். பாரிஸ் நகரத்தில் மனநோய் மருத்துவத்துக்கு ஆசாரியராக விளங்கிய எஸ்கிரோல் 1821இல் வந்து, 400 முதல் 500 பேர் வரை ஊரெங்கும் பரவி வாழக் கண்டு, அடுத்த ஆண்டு தம் குறிப்பை வெளியிட்டார். சுதந்திரமாக உலாவும் நோயாளிகளைக் கண்ட வியப்பும், சிலர் கால்களில் கண்ட விலங்கின்மீது வருத்தமும், முறையான சிகிச்சை இல்லையே என்ற குறையும் அவர் எழுத்தில் கலந்திருந்தன. கென்ட் நகரத்து ஜோசப் கிஸ்லேன் இன்னும் கடுமையாகக் கண்டித்தார். நோயாளியை மருத்துவனின் கண்பார்வையில் வைத்திருக்கும் மூடிய மாளிகையே அவர் கொண்ட இலட்சியம். 1842இல் வந்த மோரோ என்னும் பிரெஞ்சு மருத்துவரோ, இதைக் காட்டிலும் மனிதத் தன்மை பொருந்திய ஏற்பாடு இல்லையென்று போற்றினார். இவ்விதமாக ஐரோப்பாவின் மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக் காலம் கேல் ஊரை வைத்து வழக்காடிற்று. வழக்காடியவர்களில் பெரும்பாலோர் ஓரிரு நாள் தங்கிப் பார்த்துவிட்டுப் போனவர்கள். அவர்கள் தீர்ப்புக்காக அவ்வூர்ப் பெண்கள் உலையை இறக்கிவைத்துக் காத்திருக்கவில்லை.

பெல்ஜியம் தனி நாடாகி, மனநோயாளிகளைப் பற்றிய சட்டம் 1850இல் இயற்றப்பட்டபோது, அவ்வூர் முழுவதும் அரசாங்கக் குடியேற்றம் என்ற நிலையை அடைந்தது. மருத்துவ அதிகாரி ஒருவர் நியமனமானார். 1862இல் மருத்துவசாலை திறக்கப்பட்டு, புதிதாக வருகிறவர்களை முதலில் அங்கே வைத்துப் பார்த்து, சுபாவம் அறிந்து, பிறகே தக்க வீட்டில் சேர்க்கும் முறை ஏற்பட்டது. விலங்குகள் படிப்படியாக மறைந்தன. கொடுமை செய்த வீட்டாரிடமிருந்து நோயாளியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஊரார் பார்வையில் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. தேவாலயத்தை ஒட்டிய பழைய விடுதியில் குருக்கள் செய்த வேலையை இப்போது மருத்துவரும் செவிலியரும் செய்தார்கள். கெட்டுப்போன ஒரு புண்ணிய க்ஷேத்திரத்தை அரசாங்கம் கைப்பற்றிற்று என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. குருக்களின் கண்காணிப்பு தளர்ந்திருந்த காலத்தில் சட்டம் உள்ளே வந்ததனால் பிழைத்த உயிர்கள் பல.

இந்தப் புகழ் எத்தகைய இடங்களுக்கெல்லாம் எட்டிற்று என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஹாலந்து தேசத்தில் புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்த தியோடோரஸ் வான் கோ என்னும் போதகர், சுரங்கத் தொழிலாளர் நடுவே ஊழியம் செய்யப் போய் அதிலும் நிலைக்காமல் திரும்பிய தம் மூத்த மகனின் போக்கைக் கண்டு கலங்கி, 1880இல் அவனைக் கேல் ஊருக்கு அனுப்ப எண்ணினார். மகன் இணங்கவில்லை, தந்தைக்கும் மகனுக்கும் அதனால் பெரும் மனத்தாங்கல் உண்டாயிற்று. அம்மகன்தான் ஓவியர் வின்சென்ட். புனிதர்களிடம் பரிந்துரை வேண்டுவதை ஏற்காத ஒரு சபையின் போதகர், தம் வீட்டுத் துயரம் முற்றியபோது ஒரு புனிதையின் ஊரை நினைத்தார் என்பதை இறையியலார் எவ்விதம் கொள்வார்களோ, நான் அறியேன். சமயத்தை முற்றும் மறுத்த அராஜகவாதியான குரோப்போட்கின்கூட, சிறைச்சாலைகளைக் கண்டித்துப் பேசியபோது, இக்குடியானவர்களின் செய்கையைத் தம் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்காட்டினார்.

தங்குவோரின் தொகை 1930களின் இறுதியில் 3,700ஐயும் தாண்டி உச்சத்தை எட்டிற்று. அதே காலத்தில் கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், மாசிலன் என்னும் ஊரின் அரசாங்க மனநோய் மருத்துவசாலைக்குள் டிம்ப்னாவின் பெயரால் ஒரு தேவாலயம் எழுந்தது. கேல் ஊரை வரைபடத்தில் காட்டத் தெரியாத இலட்சக்கணக்கானோர் தம் மனக்கலக்கத்துக்கும், உறவினரால் நேர்ந்த கொடுமைக்கும் அவளிடம் ஆறுதல் தேடுகிற வழக்கம் அந்நூற்றாண்டில் பரவிற்று. தந்தையின் கையிலிருந்து தப்பி ஓடிய ஒரு சிறுமியினிடம், வீட்டுக்குள்ளேயே துன்புறுத்தப்பட்ட பெண்கள் தம் கதையைக் காண்பதில் வியப்பில்லை. மூலஸ்தானத்தில் வழிபாடு வீட்டுப் பணிவிடையாக மாறியது. வெளிநாட்டில் அது தனித்தனி நெஞ்சங்களின் செபமாக விரிந்தது.

1966 முதல் ஏறத்தாழ பத்து ஆண்டுகள், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோ ஸ்ரோல் தலைமையில் அறிஞர் குழுவொன்று அவ்வூரை ஆராய்ந்தது. யூஜீன் ரோசன்ஸ் என்னும் பெல்ஜிய மானிடவியலாளர் அதிலிருந்து பெரிய நூலொன்றை எழுதினார். அக்காலத்தை ஒட்டி அங்கே வந்து தங்கிய எலன் பேக்ஸ்டர் என்னும் அமெரிக்க மாது கேட்டறிந்த செய்தி ஒன்று, அந்நூல்களின் அட்டவணைகளைவிட எனக்குத் தெளிவு தந்தது. ஒரு வீட்டில் தங்கியிருந்தவன் தன் சட்டைப் பொத்தான்களை நாள்தோறும் முறுக்கி அறுத்துவிடுவான். வீட்டுக்காரி இரவுதோறும் அவற்றை மறுபடி தைத்து வைப்பாள். மீன்பிடிக்கும் தூண்டில் நரம்பினால் தைத்தால் அறுக்க முடியாதே என்று பேக்ஸ்டர் யோசனை கூறியபோது, அது கூடவே கூடாது, அவனுக்கு முறுக்க வேண்டியிருக்கிறதே என்று அவள் மறுத்துவிட்டாளாம். பேக்ஸ்டர் அம்மையார் பின்னர் நியூயார்க்கில் வீடற்றவர்களுக்கும் மனநோயாளிகளுக்கும் குடியிருப்புகள் அமைப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

அந்த வீட்டுக்காரியின் மறுமொழியை ஏதோ தத்துவமாகப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. ஆயினும், ஒருவனைக் குணப்படுத்தியே தீரவேண்டும் என்ற தீவிரம், குணமாகாதபோது வெறுப்பாக மாறுவதை நாம் மருத்துவசாலைகளிலும் குடும்பங்களிலும், ஏன், குணமளிக்கும் கூட்டங்கள் நடத்துகிற சில செபக் கூடங்களிலும்கூடக் காண்கிறோம். விசுவாசம் போதாதென்று நோயாளியின் தலைமேலேயே பழியைச் சுமத்துவதும் உண்டு. கேல் ஊர்க்காரர்களும் அற்புதத்தை நம்பியவர்களே. ஆனால் அதைச் செய்யவேண்டியது வேதசாட்சியின் பொறுப்பு, தம் பொறுப்பு அன்று என்று அவர்கள் விட்டுவிட்டபடியால், தம் கைக்கு எட்டிய சோறும் கட்டிலும் பொத்தானும் ஆகிய காரியங்களை எரிச்சலில்லாமல் செய்ய முடிந்தது. அவர்களுடைய விசுவாசம் நோயாளிக்குத் தந்த நன்மைகளுள் தலையானது இதுவே என்று நான் கருதுகிறேன்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அது லேசானதும் அன்று. பெல்ஜியத்தின் தென்பகுதியில் லியர்னூ என்னும் ஊரில் 1884இலும், பிரான்சில் டன் சூர் ஓரான் என்னும் ஊரில் 1892இலும் கேல் ஊரைப் பார்த்து அதைப்போன்ற குடியேற்றங்களை அரசாங்கத்தார் நிறுவினார்கள். அங்கே கல்லறை இல்லை, நவநாள் இல்லை, வாளேந்திய சிறுமி இல்லை. ஏழைக் குடியானவர்களும் மருத்துவ அதிகாரியும் மாதப்படியும் மட்டுமே இருந்தன. அவை நடந்தன, பல்லாண்டுகள் நடந்தன. ஆகவே புனிதை இல்லாமலும் இது கைகூடும் என்பது மெய்யே. ஆனால் அவ்விரண்டு ஊர்களுக்கும் முன்மாதிரியாகக் காட்ட, ஒருவர் கண்ணுக்கு முன்னே நடந்துகொண்டிருந்த ஊர் ஒன்று வேண்டியிருந்தது. பித்தனை வீட்டில் வைத்தால் வீடு எரிந்துபோகாது, குழந்தை கொலையுண்டு போகாது என்பதை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே, எந்த நூலும் எந்தச் சட்டமும் உத்தரவாதம் கொடாத காலத்திலே, முதலில் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர்களுக்கு அந்தத் துணிவைத் தந்தது வேறெதுவாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் தொகை குறையத் தொடங்கிற்று. 1950கள் முதல் வந்த புதிய மருந்துகள் பலரைத் தம் சொந்த வீட்டிலேயே இருக்கச் செய்தன, வயல்கள் தொழிற்சாலைகளாயின, பகல் முழுவதும் வீட்டிலிருந்த பெண்கள் வேலைக்குப் போனார்கள், அரசாங்கம் கொடுக்கும் படியோ ஒரு குடும்பத்தைத் தூண்டுமளவுக்கு உயரவில்லை. 2016ஐ ஒட்டிய ஆண்டுகளில் தங்குவோர் சுமார் 250 பேர். வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் தாம் பிறந்த வீட்டிலேயே அத்தகைய ஒருவரோடு வளர்ந்து முதியவர்களானவர்கள். 2023இல் யுனெஸ்கோ நிறுவனம், பாதுகாத்தற்குரிய மரபுகளைக் காப்பதில் நல்ல நடைமுறைகள் என்ற தன் பதிவேட்டில் கேல் ஊரின் இவ்வழக்கத்தைச் சேர்த்தது. பதிவேட்டில் ஏறியபின் புதிய குடும்பங்கள் முன்வருமா என்பது வேறு விஷயம். இத்தகைய கௌரவங்கள் பெரும்பாலும் ஒரு வழக்கம் மெலிந்த பிறகே வந்து சேர்கின்றன. ஊரின் மருத்துவசாலை இன்றும் வீடுகளைத் தேடி விளம்பரம் செய்கிறது. முன்வருகிற குடும்பத்தாரிடம் கல்வித் தகுதியையோ மருத்துவப் பயிற்சியையோ அது கேட்பதில்லை. ஒரு தனி அறை இருக்கிறதா, குடும்பத்தில் எல்லோருக்கும் சம்மதமா என்றே விசாரிக்கிறது.